0.35 பெருசா, 0.8 பெருசா? கணக்கு டீச்சர்களுக்கான பயிற்சியில் விட்டுப்போகும் கேள்வி

ஆறாம் வகுப்பு படிக்கும் பிள்ளை யாராவது பக்கத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்க: 0.35, 0.8 இரண்டில் எது பெரிய எண்?

சில பிள்ளைகள் 0.35 என்று சொல்வார்கள். ஏன்னு கேட்டா, "எட்டைவிட முப்பத்தஞ்சு பெருசுதானே!" அவர்களுடைய லாஜிக் புரிகிறது. புள்ளிக்குப் பிறகு வருவதையும் முழு எண்ணாகவே படிக்கிறார்கள்.

இன்னொரு பிள்ளை 0.8 என்று சொல்லும். கரெக்ட். டீச்சர் டிக் போட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார். ஆனால் அதே பிள்ளையிடம் 0.3, 0.45 என்று இன்னொரு ஜோடியைக் கொடுத்தால், "0.3 தான் பெருசு" என்று பதில் வரலாம். எப்படி? முப்பத்தைந்தில் ஒரு பங்கைவிட எட்டில் ஒரு பங்கு பெரிது என்று பின்னத்தில் படித்திருக்கிறது அல்லவா? அதைத் தசமத்தில் கொண்டுவந்து ஒட்டிவிட்டது. இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரிது என்பது அதன் கணக்கு. முதல் கேள்விக்குச் சரியான விடை வந்தது தற்செயல்.

இரண்டு பிள்ளைகளுக்கும் தசமம் புரியவில்லை. ஆனால் புரியாத விதம் வேறு வேறு. ஒருவருக்குச் சொல்லும் விளக்கம் மற்றவருக்கு உதவாது. இரண்டாவது பிள்ளைக்குக் குழப்பம் இருப்பதே, அந்த இரண்டாவது ஜோடியைக் கேட்கத் தோன்றினால்தான் தெரியும்.

எந்த ஜோடியைக் கேட்க வேண்டும் என்று டீச்சருக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? பி.எஸ்சி. கணிதத்தில் இது கிடையாது. பி.எட்.டில் உளவியலும் கற்பித்தல் முறைகளும் உண்டு, தசமத்தின் இந்த நுணுக்கம் வரை வகுப்பு போவது அபூர்வம். அப்படியென்றால் வேலையில் சேர்ந்த பிறகு கிடைக்கும் பயிற்சியில்தான் வர வேண்டும். அங்கே என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. உங்க வீட்டிலோ சொந்தத்திலோ ஆசிரியர் யாராவது இருந்தால் அன்று இரவே போன் வந்திருக்கும். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், ஏற்கெனவே பல வருடங்களாகப் பணியில் இருந்தாலும், ஆசிரியர் தகுதித் தேர்வில், அதாவது டெட் தேர்வில், தேர்ச்சி பெற்றாக வேண்டும். ஓய்வுபெற ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு வருட அவகாசம். அதற்குள் தேர்ச்சி பெறாவிட்டால் பணியில் தொடர முடியாது. ஐந்து வருடத்துக்குள் ஓய்வுபெறுபவர்கள் வேலையில் தொடரலாம், ஆனால் டெட் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் தொடர்பான கேள்வியைப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியது நீதிமன்றம்.

கல்வி உரிமைச் சட்டம் வந்தது 2009-இல். டெட் கட்டாயம் என்ற அறிவிக்கை வந்தது 2010 ஆகஸ்டில். அதற்கு முன்பே வேலையில் சேர்ந்தவர்கள், "இது நமக்கு இல்லை" என்றே இத்தனை காலம் இருந்தார்கள். தமிழ்நாடு அரசு சீராய்வு மனு தாக்கல் செய்தது. தீர்ப்பு சொன்ன கணக்குப்படி பார்த்தால் கெடு 2027 ஆகஸ்டு கடைசியோடு முடிகிறது.

டெட் எளிதான தேர்வு இல்லை. 2012-இல் தமிழ்நாட்டில் முதன்முதலாக நடந்தபோது தேர்ச்சி ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுக்கும் பட்டதாரி ஆசிரியர் எழுத வேண்டியது இரண்டாம் தாள். மொத்தம் 150 மதிப்பெண். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30. மிச்சமிருக்கும் 60-இல் கணக்கும் அறிவியலும் சேர்ந்தே வரும். ஆக, இருபது வருடமாகக் கணக்கு மட்டுமே எடுத்துவரும் ஒருவர், வேலையைக் காப்பாற்றிக்கொள்ள இப்போது உட்கார்ந்து படிப்பதில் பெரும்பகுதி கணக்கே இல்லை. இலக்கணம், ஆங்கிலம், தாவரவியல், வேதியியல்.

தகுதித் தேர்வு தேவையா இல்லையா என்ற வாதத்துக்குள் இங்கே போகவில்லை. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு வடிகட்டி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கவலை வேறு. ஒரு ஆசிரியருக்குப் பள்ளி நேரம், விடைத்தாள் திருத்தம், எமிஸ் பதிவுகள் எல்லாம் போக மிஞ்சுவது வாரத்துக்குச் சில மணி நேரம். அந்த நேரம் முழுவதும் நான்கு விடைகளில் ஒன்றை டிக் செய்யும் தேர்வுக்குப் போய்விட்டால், 0.3, 0.45 என்ற அந்த இரண்டாவது ஜோடியை யோசிக்க எப்போது உட்காருவார்?

கணக்கு தெரிஞ்சா போதாதா?

போதாது. இதைச் சொன்னதும், "நல்லா கணக்கு தெரிஞ்சவரு சொல்லிக்கொடுக்க மாட்டாரா என்ன" என்று கேட்பவர்கள் உண்டு. நம்மில் பலருக்கும் அப்படி ஒரு டியூஷன் மாஸ்டர் இருந்திருப்பார். போர்டில் மடமடவென்று போடுவார், ஒன்றும் விளங்காது.

அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். பாடம் தெரிவது ஒன்று, கற்பிக்கும் முறை தெரிவது இன்னொன்று, இரண்டும் சேருமிடத்தில் மூன்றாவதாக ஓர் அறிவு இருக்கிறது, அது ஆசிரியருக்கு மட்டுமே உரியது என்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெபரா பால் போன்றவர்கள் அதைக் கணக்குப் பாடத்துக்குள் கொண்டுபோய் விரிவாக ஆராய்ந்தார்கள்.

எளிய உதாரணம்: 52-இல் இருந்து 38-ஐக் கழிக்க வேண்டும். ஒரு பிள்ளை 26 என்று எழுதுகிறது. 2-இல் இருந்து 8 போகாது, அதனால் 8-இல் இருந்து 2-ஐக் கழித்துவிட்டது. தப்பு. இன்னொரு பிள்ளை முதலில் 20 என்று எழுதி, அதிலிருந்து 6-ஐக் கழித்து 14 என்கிறது. கடன் வாங்கவே இல்லை. பார்த்தால் ஏதோ தப்பு மாதிரி இருக்கும். ஆனால் அது 50-இல் இருந்து 30-ஐக் கழித்து, 2-இல் இருந்து 8 போக இன்னும் 6 தேவைப்படுகிறது என்று சரியாகக் கண்டுபிடித்து, அதையும் கழித்திருக்கிறது. எந்த எண்ணுக்கும் பொருந்தக்கூடிய முறைதான். முதல் பிள்ளையின் தப்பு எங்கே என்று பார்க்கவும், இரண்டாவது பிள்ளையின் முறை எப்போதும் வேலை செய்யுமா என்று பார்க்கவும் டீச்சருக்குக் கிடைப்பது சில நொடிகள். பேங்கில் வேலை செய்பவருக்கோ இன்ஜினியருக்கோ இந்தத் திறமை தேவையே இல்லை. கணக்கு டீச்சருக்குத் தினமும் தேவை.

இன்னும் ஒரு ஆய்வு, எனக்கு மிகவும் பிடித்தது. லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேர், சீன ஆசிரியர்கள் 72 பேர், எல்லாருமே தொடக்கப் பள்ளியில் கணக்கு எடுப்பவர்கள். ஒன்றே முக்காலை அரையால் வகுங்கள், பிறகு இந்தக் கணக்குக்குப் பொருந்தும் ஒரு கதை சொல்லுங்கள் என்றார். சீன ஆசிரியர்கள் 72 பேருமே சரியான விடை சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் பாதிப் பேருக்குக்கூட விடை வரவில்லை. கதையைப் பொறுத்தவரை இன்னும் மோசம், பொருந்தும் கதை சொன்னவர் அந்த 23 பேரில் ஒரே ஒருவர்.

நீங்களே முயன்று பாருங்க. "ஒன்றே முக்கால் தோசையை ரெண்டு பேருக்குப் பங்கு வைக்கணும்" என்று தோன்றினால் மாட்டிக்கொண்டீர்கள். அது இரண்டால் வகுப்பது, அரையால் இல்லை. ஒன்றே முக்கால் லிட்டர் பால் இருக்கிறது, அரை லிட்டர் பாக்கெட்டில் ஊற்றினால் எத்தனை பாக்கெட் என்பதுதான் சரியான கதை. விடை மூன்றரை. வகுத்தால் எண் சின்னதாகத்தான் ஆக வேண்டும் என்று நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, ஒன்றே முக்கால் எப்படி மூன்றரை ஆனது என்பதை அந்தப் பால் பாக்கெட் காட்டிவிடும்.

லிப்பிங் மா சொன்ன இன்னொரு விஷயம் முக்கியம். அந்தச் சீன ஆசிரியர்கள் அமெரிக்க ஆசிரியர்களைவிடக் குறைந்த வருடங்களே படித்தவர்கள். டிகிரியும் கிடையாது. பிறகு எங்கிருந்து வந்தது? வேலைக்கு வந்த பிறகு, பாடப்புத்தகத்தை வரிவரியாகப் படித்து, சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசி, வகுப்பில் சோதித்துப் பார்த்து வந்தது.

நம்ம ஊரில் என்ன கிடைக்கிறது?

பயிற்சிக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. கொரோனா கால இடைவெளியைச் சரிசெய்ய 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்து, பிறகு நான்கு, ஐந்துக்கும் விரிந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்து, அவரவர் நிலைக்கு ஏற்பப் பாடம். பருவத்துக்குப் பருவம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. தொடக்கப் பள்ளியில் கணக்கு டீச்சர் என்று தனியாக யாரும் இல்லை. எல்லாப் பாடமும் எடுக்கும் இடைநிலை ஆசிரியர்தான் கழித்தலையும் பின்னத்தையும் அறிமுகப்படுத்துகிறார். மேலே பார்த்த குழப்பங்களில் பாதி அங்கேதான் உருவாகிறது. அதனால் இந்தப் பயிற்சி சரியான இடத்தில் தொடங்குகிறது என்றே சொல்லலாம். 2025-26 கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்குக்காக 'திறன்' திட்டமும் வந்தது.

மத்திய அரசின் பக்கம், 2017-இல் வந்த தீக்ஷா தளம், 2019-இல் வந்த நிஷ்தா பயிற்சி. தொடக்கக் கல்வி ஆசிரியர்கள் 42 லட்சம் பேருக்குப் பயிற்சி என்பது நிஷ்தாவின் இலக்கு. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஒவ்வொரு ஆசிரியருக்கும் வருடத்துக்குக் குறைந்தது 50 மணி நேரப் பயிற்சி என்று சொன்னது. அந்தக் கொள்கையை ஏற்காத தமிழ்நாடு, 2025 ஆகஸ்டில் தன் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் அந்த 50 மணி நேரம் நடைமுறையில் இருக்கிறது. பாதி நேரம் சி.பி.எஸ்.இ. அல்லது அரசுப் பயிற்சி நிறுவனங்கள் வழியாக, மீதி பள்ளிக்குள்ளேயே.

சரி, இதில் என்ன சிக்கல்?

முதல் சிக்கல், பயிற்சி கீழே வந்து சேரும் விதம். மாநில அளவில் சிலருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர்கள் மாவட்டத்துக்கு, மாவட்டம் ஒன்றியத்துக்கு, கடைசியில் ஆசிரியருக்கு. காதில் ரகசியம் சொல்லும் விளையாட்டு ஞாபகம் இருக்கா? முதல் ஆள் சொன்னது கடைசி ஆளிடம் எப்படி வந்து சேரும் என்று உங்களுக்கே தெரியும். கையேடு அப்படியே வந்துவிடும், ஸ்லைடும் வந்துவிடும். "ஏன் 0.8, 0.35 ஜோடியை மட்டும் கேட்டால் போதாது" என்ற காரணம் வழியில் எங்கேயோ இறங்கிவிடும்.

இரண்டாவது, எதை எண்ணுகிறோம் என்பது. மணி நேரத்தை எண்ணலாம், சான்றிதழை எண்ணலாம், டவுன்லோடை எண்ணலாம். வீடியோவை ஓடவிட்டு, பக்கத்தில் விடைத்தாள் திருத்தி, கடைசியில் பத்துக் கேள்விக்கு டிக் செய்து சான்றிதழ் வாங்க முடியும் என்பது ஆன்லைன் கோர்ஸ் படித்த நம் எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான். ஐ.டி. கம்பெனியில் வருடாவருடம் வரும் செக்யூரிட்டி டிரெயினிங்கை எப்படி முடித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்க. ஆசிரியர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது, பாடம். நிறையப் பயிற்சிகள் எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் பொதுவானவை. அவை வேண்டும்தான், ஆனால் திங்கள்கிழமை எட்டாம் வகுப்பில் மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று கேட்கும் பையனுக்கு அவற்றில் பதில் இல்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005-க்காகக் கணிதக் கல்வி பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைவராக இருந்தவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர்.ராமானுஜம். அந்தக் குழு நான்கு அடிப்படைப் பிரச்சினைகளைச் சொன்னது: பெரும்பான்மைப் பிள்ளைகளிடம் கணக்கு மீதான பயமும் தோல்வி உணர்வும், நன்றாகப் படிப்பவர்களையும் ஒதுங்கி நிற்பவர்களையும் ஒரே நேரத்தில் ஏமாற்றும் பாடத்திட்டம், முரட்டுத்தனமான மதிப்பீட்டு முறை. நான்காவது, ஆசிரியர்களுக்குப் போதிய தயாரிப்பும் ஆதரவும் இல்லாதது. இருபது வருடம் ஆகிறது.

ஒரே ஒரு பாடத்துக்கு இத்தனை பேர் உட்காருவார்களா?

ஜப்பானில் உட்காருகிறார்கள். அங்கே இதற்கு ஜூக்யோ கென்க்யூ என்று பெயர், பாட ஆய்வு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பள்ளியின் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடவேளையை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். ஒருவர் அந்தப் பாடத்தை எடுப்பார். மற்றவர்கள் வகுப்பின் ஓரங்களில் நின்று கவனிப்பார்கள், டீச்சரை அல்ல, பிள்ளைகளை. எந்தப் பிள்ளை எங்கே தடுக்கியது, யார் நோட்டில் எதை எழுதி அழித்தது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு உட்கார்ந்து பேசி, திட்டத்தைத் திருத்தி, இன்னொரு வகுப்பில் இன்னொருவர் எடுத்துப் பார்ப்பார்.

அப்படி என்னதான் பேசுவார்கள்? கடன் வாங்கிக் கழிப்பதை முதன்முதலாக எந்த எண்ணில் தொடங்குவது என்பதையே எடுத்துக்கொள்ளுங்களேன். 13-இல் இருந்து 9 என்றால், பிள்ளை இயல்பாக 10-இல் இருந்து 9-ஐக் கழித்து மிச்ச ஒன்றோடு 3-ஐச் சேர்க்கும். 12-இல் இருந்து 3 என்றால், முதலில் 2 போக 10, இன்னும் ஒன்று போக 9 என்று இறங்கும். 12-இல் இருந்து 7 என்றால் இரண்டு வழியும் வரலாம், வகுப்பில் வாதம் நடக்கும். எண்ணை மாற்றினால் பிள்ளை யோசிக்கும் பாதையே மாறுகிறது.

எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடங்களை ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா என்று மூன்று நாடுகளில் வீடியோ எடுத்து ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபர்ட்டும் 1999-இல் எழுதிய புத்தகம்தான் இந்த முறையை வெளியுலகுக்குப் பிரபலமாக்கியது. ஜப்பானை அப்படியே காப்பி அடிக்கச் சொல்லவில்லை. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் வகுப்பெடுக்க மற்றவர் வேடிக்கை பார்க்க முடியாது, அவருடைய வகுப்பை யார் பார்ப்பது?

ஆனால் குறுவள மையம் என்ற அமைப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் இடம். அந்தக் கூட்டத்தில் பாதி நேரத்தை மேலிருந்து வரும் சுற்றறிக்கைக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் ஒவ்வொருவரும் தன் வகுப்பிலிருந்து மூன்று தப்பான விடைத்தாள்களை எடுத்து வந்து மேஜையில் போட்டுப் பேசினால் போதும். தனிச் செலவு கிடையாது, புது ஆப் தேவையில்லை.

சென்னையில் ஒரு வாத்தியார் இருந்தார்

நமக்கு இப்படி ஒரு மரபே இல்லை என்று நினைக்க வேண்டாம். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் பி.கே.சீனிவாசன். பழைய காகிதமும் அட்டையும் வைத்துக்கொண்டு கணக்கு சொல்லிக்கொடுத்தவர். மேதை ராமானுஜனைத் தெரிந்தவர்கள், உறவினர்கள் என்று தேடிப்போய், கடிதங்களையும் நினைவுகளையும் திரட்டி 1968-இல் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். இன்று ராமானுஜனின் வாழ்க்கையைப் பற்றி எழுதுபவர்கள் ஒரு பள்ளி ஆசிரியரின் இந்த வேலைக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். ராயபுரத்தில் 1993-இல் ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் உருவானதும் அவருடைய முயற்சியால்தான்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கணித ஆசிரியர்கள் சங்கம், ஏ.எம்.டி.ஐ., 1965-இலிருந்து இயங்குகிறது. பிள்ளைகளுக்கு அது நடத்தும் என்.எம்.டி.சி. திறனறிப் போட்டி பல பெற்றோர்களுக்குத் தெரியும். ஆசிரியர்களுக்கான இதழும் மாநாடுகளும் நடத்துவது அவ்வளவாகத் தெரியாது. உறுப்பினராவது ஆசிரியரின் சொந்த விருப்பம், எந்த உத்தரவும் தேவையில்லை.

அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2012-இலிருந்து வெளியிடும் 'அட் ரைட் ஆங்கிள்ஸ்' இதழை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அதில் பத்மப்ரியா ஷிராலி தொடக்க வகுப்புகளுக்காக எழுதும் தனி இணைப்பை மட்டுமாவது பார்த்துவிடுங்க. பின்னம், பரப்பளவு என்று ஒவ்வொரு தலைப்பையும் எடுத்துக்கொண்டு, எதை எதற்குப் பிறகு சொல்ல வேண்டும் என்று செய்துகாட்டுவார். வீட்டில் பிள்ளைக்குக் கணக்கு சொல்லித்தரும் அப்பா அம்மாவுக்கும் உதவும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களிலேயே ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்ற பக்கத்தில் கியூஆர் கோடு இருக்கும். ஸ்கேன் செய்தால் ஜியோஜீப்ரா திறக்கும். ஜியோஜீப்ரா இலவச மென்பொருள். முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறும், கூடுதல் மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். போர்டில் பத்து முக்கோணம் வரைந்து காட்ட முடியாததை ஒரு போன் திரை காட்டிவிடுகிறது.

இதில் ஒரு தடை மட்டும் உறுத்துகிறது. ஏ.எம்.டி.ஐ. இதழ், அட் ரைட் ஆங்கிள்ஸ், ஷுல்மனும் லிப்பிங் மாவும் எழுதியவை என்று இங்கே சொன்னதில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தமிழ்வழிப் பள்ளியில் தமிழில் கணக்கு எடுக்கும் ஆசிரியர், முதலில் ஆங்கிலத்தைத் தாண்டித்தான் இதற்குள் வர வேண்டியிருக்கிறது. டெட் தேர்வுக்கான தமிழ் கைடுகளோ ஊருக்கு ஊர் எல்லாப் புத்தகக் கடையிலும் கிடைக்கின்றன.